கொன்றை பூத்த கொல்லை

முன்னுரை

இயற்கையோடு இயைந்து வாழ்ந்தவர் தமிழர் என்பதை நாம் மேடைதோறும் எடுத்துரைக்கின்றோம். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்த இலக்கணம் நம்முடையது என்று பெருமிதம் கொள்கின்றோம். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிக் கூறும் 99 பூக்களின் பெயர்களை மாணவர்கள் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதுகின்றனர். நாமும் மகிழ்ந்து மதிப்பெண் வழங்குகின்றோம். ஆயின், அவற்றுள் ஒன்பது பூக்களையேனும் செடியில் வைத்துக் காட்டுக என்று எவரேனும் கேட்டால், எழுதிய மாணவரும் திருத்திய ஆசிரியரும் ஒருங்கே தலைகுனிய நேரும். இக்கட்டுரை அத்தகைய ஒரு தலைகுனிவிலிருந்து பிறந்ததாகும்.

இளவேனிற் பருவத்தின் பிற்பகுதியில், ஊர்ப்புறத் தோட்டம் ஒன்று வாரந்தோறும் அடையும் மாற்றங்களைக் கண்டு மகிழ்வதும், அம்மாற்றங்களின் துணைகொண்டு சங்கப் பாடல்கள் சிலவற்றைப் புரிந்துகொள்வதும் இக்கட்டுரையின் நோக்கங்களாம்.

வகுப்பறையில் எழுந்த வினா

சில திங்களுக்கு முன்னர் இளங்கலை மூன்றாமாண்டு மாணவர்க்குக் குறுந்தொகை நடத்திக்கொண்டிருந்தோம். முல்லைத் திணையின் பெரும்பொழுது கார்காலம் என்பதையும், அக்காலத்தின் வரவைக் கொன்றைப் பூ அறிவிக்கும் என்பதையும் விளக்கினோம். அப்போது புதுக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வரும் மாணவி ஒருவர் எழுந்து நின்றார். “ஐயா, எங்கள் ஊர்ச் சரக்கொன்றை சித்திரையிலும் வைகாசியிலும்தான் கொத்துக் கொத்தாகப் பூக்கிறது. கார்காலம் ஆவணியும் புரட்டாசியும் என்றீர்கள். பாட்டில் மட்டும் எப்படி அப்போது பூத்தது?” என்று கேட்டார்.

கேள்வி எளியது. ஆனால் இருபதாண்டுக் காலமாகக் கொன்றையைக் கரும்பலகையில் எழுதிவந்த நம்மிடம் அதற்கு விடை இல்லை. “அது இலக்கிய மரபு, அம்மா” என்று கூறிவிட்டு அடுத்த பாடலுக்குச் சென்றோம். அம்மாணவி அமர்ந்துவிட்டார். அவர் முகத்தில் தெளிவு தோன்றவில்லை என்பதை நாம் கண்டோம். கண்டும் காணாதவர்போல் நடந்துகொண்டோம். விடை தெரியாத இடத்தில் மரபு என்னும் சொல்லைத் திரையாக இழுத்து விட்டோம் என்பதே உண்மை. கல்லூரி வாயிலில் கோடைதோறும் செந்நிறமாய்ப் பூத்து நிற்கும் மயிற்கொன்றையைச் சங்கக் கொன்றை என்று எண்ணும் மாணவர்களும் நம்மிடையே உள்ளனர். அது மடகாசுகர்த் தீவிலிருந்து பிற்காலத்தில் வந்து சேர்ந்த மரம் என்பதைக்கூட நாம் ஒருநாளும் வகுப்பில் சொன்னதில்லை.

தந்தையாரின் கொல்லை

அக்கோடை விடுமுறையில் ஊருக்குச் சென்றோம். எம் ஊர் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் காவிரியை அடுத்த ஒரு சிற்றூர். வீட்டுக்குப் பின்னே வாய்க்காலைக் கடந்தால் எம் தந்தையார் ஐம்பது ஆண்டுகளாகப் பேணிவரும் கொல்லை இருக்கிறது. ஒரு கிணறு, நான்கு மாமரங்கள், வேலியோரம் வேம்பும் புங்கும், மேட்டில் இரண்டு பனைகள், ஒரு நாவல், கிணற்றடியில் முருங்கையும் மல்லிகைப் பந்தலும், வடமேற்கு மூலையில் ஒரு சரக்கொன்றை. இவையே அதன் செல்வம். கொல்லை என்னும் சொல்லே சங்க நூல்களில் முல்லை நிலத்துப் புன்செய்யைக் குறிக்கும் பழஞ்சொல் என்பதை அன்பர்கள் அறிவர்.

தந்தையாருக்கு அகவை எண்பத்தொன்று. அதற்கு முந்திய மழைக்காலத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபின் வாய்க்காலைத் தாண்ட அவரால் இயலவில்லை. திண்ணையில் சாய்வு நாற்காலியே அவர்தம் உலகம் ஆயிற்று. அண்டைக் கொல்லைகள் மூன்றும் மனைகளாகிக் கல் நட்டுக் கிடந்தன. எம் கொல்லையையும் கேட்டு வருவோர் வாரந்தோறும் வந்தனர். உடன்பிறந்தார் இருவருக்கும் விற்றுவிடலாம் என்னும் எண்ணம் இருந்தது. நமக்கும் அதனை மறுக்கக் காரணம் ஒன்றும் தோன்றவில்லை என்பதை ஒளிக்காமல் கூறுகின்றோம்.

சித்திரை முதல் வெள்ளியன்று சும்ஆத் தொழுகை முடிந்து வந்ததும் தந்தையார், “தம்பி, கொல்லைப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வா” என்றார். சென்றோம், கால் நாழிகையில் திரும்பினோம். “எல்லாம் நன்றாக இருக்கிறது, அத்தா” என்றோம். அவர் விடவில்லை. “வேம்பு கொட்ட ஆரம்பித்துவிட்டதா? புங்கு பொரி போட்டாச்சா? கிணற்றில் எத்தனை படி தெரிகிறது?” என்று வரிசையாகக் கேட்டார். ஒன்றுக்கும் விடை கூற இயலவில்லை. மாணவியின் முன் நின்ற நிலையும் தந்தையாரின் முன் நின்ற நிலையும் ஒன்றே ஆயின. மறுமுறை கையில் ஒரு குறிப்பேட்டுடன் சென்றோம். வைகாசி முடியும்வரை, எட்டு வெள்ளிகளில், அக்கொல்லையை நாம் படித்தோம்.

இளவேனில் எனும் பெரும்பொழுது

ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர் நம் முன்னோர். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்பன அவை. சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். வெயில் கொளுத்தும் கத்திரி நாள்களும் இவ்விளவேனிலுக்குள்ளேயே அடங்குகின்றன. சித்திரையின் பிற்பகுதியில் தொடங்கி வைகாசியின் நடுவரை நீளும் அந்நாள்களை, தென்றலும் குளிர்ச்சியும் உடைய வசந்தம் என்று வேற்று நாட்டாரிடம் கூறினால் நகைப்பர். ஆயினும் நம் புலவர்கள் இப்பருவத்தை வறட்சியின் காலமாக மட்டும் பார்க்கவில்லை. மண் காயும்போதே மரம் தளிர்க்கும், பூக்கும், காய்க்கும் என்னும் விந்தையை அவர்கள் கண்டனர்.

ஐங்குறுநூற்றில் ஓதலாந்தையார் பாடிய பாலை நூறு பாடல்களுள் இளவேனிற் பத்து என ஒரு பகுதி உண்டு. பிரிந்து சென்ற தலைவன் வரவில்லை, பருவமோ வந்துவிட்டது என்னும் துயரமே பத்துப் பாடல்களுக்கும் பொது. மாறுவது பருவத்தின் அடையாளம் மட்டுமே. குயில், கோங்கு, குரவம், பாதிரி, புன்கு, மரா, மா, வேம்பு என அடையாளங்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. நாம் இதனை இத்தனை ஆண்டுகளும் ஒரே கருத்தைப் பத்து முறை கூறும் பகுதியாகவே எண்ணிவந்தோம். கொல்லையில் எட்டு வாரங்கள் நின்றபின் வேறொன்று தோன்றியது. நாள்தோறும் வெளியே வந்து நோக்கி, இன்று இது மலர்ந்தது, இன்று அது உதிர்ந்தது என்று எண்ணிக்கொண்டிருக்கும் ஒருத்தியின் நாட்குறிப்பு அது. காத்திருப்பவர்க்கே மாற்றம் கண்ணில் படும்.

வாரந்தோறும் கண்டவை

முதல் இரு வாரங்களில் கொல்லையை ஆண்டது வேம்பு. மாசி பங்குனியில் பழுத்த இலைகளை உதிர்த்துச் செம்பு நிறத் தளிர் விட்டிருந்த மரம், சித்திரையில் வெண்மையான சிறு பூக்களால் மூடப்பட்டிருந்தது. பகலில் அதன் மணம் அவ்வளவாகத் தெரியவில்லை. பொழுது சாய்ந்தபின் தேன் கலந்தாற்போன்ற மணம் வாய்க்கால்வரை வந்தது. கசப்பே உருவான மரத்தின் பூவில் இத்துணை இனிய மணம் இருப்பதைத் தேனீக்கள் அறிந்திருந்தன. நாம் அவ்வாண்டுதான் அறிந்தோம். அம்மா நாள்தோறும் விடியலில் மரத்தடியில் பழந்துணி விரித்து உதிர்ந்த பூவைச் சேர்த்து உலர்த்தினார். ஓராண்டுக்கு வேண்டிய வேப்பம்பூ இரசத்துக்கு அது போதும் என்றார்.

மூன்றாம் வாரத்தில் புங்கின் முறை வந்தது. பளபளக்கும் இளம்பச்சைத் தளிர்களுக்கிடையே வெண்மையும் ஊதாவும் கலந்த சிறு பூக்கள் தோன்றின. தோன்றிய வேகத்திலேயே உதிர்ந்தன. ஒரு காலைப்பொழுதில் சென்றபோது மரத்தடி முழுதும் வெள்ளையாயிருந்தது. யாரோ பொரியைக் கொட்டிவிட்டுச் சென்றாற்போல் இருந்தது. அப்போதுதான் தந்தையார் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. புங்கம் பூவுக்குப் பொரியை உவமையாக்கியவர்கள் சங்கப் புலவர்கள். அப்பாடலைத் தந்தையார் படித்ததில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் அவர். ஆயினும் அதே மரத்தடியில் நின்று அதே காட்சியைக் கண்டவருக்கு அதே சொல் கிடைத்திருக்கிறது. ஈராயிரம் ஆண்டுகளாக அவ்வுவமை ஏட்டில் மட்டும் வாழவில்லை, கொல்லைகளிலும் வாழ்ந்திருக்கிறது. நூலைப் படித்த நாம் மரத்தைப் பார்க்கவில்லை. மரத்தைப் பார்த்த அவர் நூலைப் படிக்கவில்லை. இருவரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டதும் இல்லை.

நான்காம் வாரத்தில் கோடை மழை பெய்தது. மாலையில் மேற்கே கருத்து, புழுதியைச் சுழற்றிக் காற்று வீசி, அரைமணி நேரம் கொட்டி ஓய்ந்தது. மறுநாள் கொல்லை வேறொரு கொல்லையாக இருந்தது. மா மரத்தடியில் காய்கள் கூடைக்கணக்கில் கிடந்தன. இரவு விளக்கடியில் மொய்த்த ஈசலின் சிறகுகள் வாசலில் குவிந்திருந்தன. வெடித்துக் கிடந்த வரப்பில் ஐந்து நாள்களுக்குள் புல் ஊசிபோல் எழுந்தது. வேம்பில் எஞ்சியிருந்த பூக்களை மழை அடித்துச் சென்றிருந்தது. அண்ணாந்து பார்த்தால் மிளகளவு பச்சைக் காய்கள் தெரிந்தன. பூவின் இழப்பைக் கண்டு வருந்தி வந்து கூறியபோது தந்தையார் நகைத்தார். “பூ நின்றால் காய் ஏது, தம்பி?” என்றார்.

ஐந்தாம் ஆறாம் வாரங்கள் கத்திரியின் உச்சம். கிணற்றில் மேலும் நான்கு படிகள் வெளிப்பட்டன. அவ்வெயிலிலும் மல்லிகை பந்தலை நிறைத்தது. முருங்கை காய்த்துத் தொங்கியது. பனையில் நுங்கு வெட்டினர். மாவில் பழம் கனிந்து கிளிகள் வந்தன. பாதியைக் கொத்திக் கீழே தள்ளும் கிளிகளை ஓட்டுவதற்கு ஆள் வைக்கலாமா என்று கேட்டோம். “பறவை தின்றது நமக்குச் சதக்கா, மிச்சம் இருப்பதைப் பறித்துக்கொள்” என்பதே தந்தையாரின் விடை.

விடியலில் குயில் ஓயாது கூவியது. வேம்பின் உச்சியில் காகம் கட்டியிருந்த கூட்டைச் சுற்றிக் கரிய ஆண் குயில் கத்திக்கொண்டு பறக்கும். காகங்கள் அதனைத் துரத்திச் செல்லும். அவ்வேளையில் புள்ளிகள் உடைய பெண் குயில் கூட்டை நாடும். காகம் கூடு கட்டும் காலமும் குயில் கூவும் காலமும் ஒன்றாக அமைந்திருப்பது வெறும் தற்செயல் அன்று. நாம் இன்பத்தின் குரலாகவும் பிரிந்தோரின் துயரத்தைப் பெருக்கும் குரலாகவும் மட்டுமே படித்துவந்த ஓசைக்குப் பின்னால், பிறர் கூட்டில் தன் முட்டையை இடவேண்டிய ஒரு பறவையின் பிழைப்பு இருக்கிறது. இதனை அறிந்ததால் குயிலின் இனிமை குறைந்துவிடவில்லை, கூர்மை பெற்றது.

கடைசி இரு வாரங்களில் நாவற்காய் சிவந்து கருக்கத் தொடங்கியது. வேப்பங்காய்களுள் சில மஞ்சள் பூத்தன. மேல்காற்று எழுந்து வாழையிலைகளைக் கிழித்தது. ஊரில் பேச்சு வேறாயிற்று. மேட்டூர் அணையை வழக்கப்படி சூன் 12 அன்று திறப்பார்களா, நீர் இருப்பு போதாமல் தள்ளிப் போகுமா என்பதே திண்ணைதோறும் கேள்வி. 1934 இல் கட்டி முடிக்கப்பட்ட அவ்வணையின் நீர், எம் பகுதி வாய்க்கால்களுக்கு வைகாசியின் கடைநாள்களிலேயே எதிர்பார்க்கப்படுவது. ஆகவே இளவேனிலின் முடிவு எங்கட்கு நாட்காட்டியில் வருவதன்று; வாய்க்காலில் வருவதாகும்.

கொன்றை தந்த விடை

இனி, மாணவி கேட்ட வினாவுக்கு வருவோம். முதல் வெள்ளியன்று வடமேற்கு மூலைக் கொன்றை ஏறத்தாழ மொட்டையாக நின்றது. சென்ற ஆண்டின் முதிர்ந்த கரிய நெற்றுகள் மட்டும் கோல்கோலாகத் தொங்கின. மூன்றாம் வாரத்தில் அரும்புச் சரங்கள் இறங்கின. ஐந்தாம் வாரத்தில் மரம் முழுதும் பொன்னாயிற்று. சரத்தின் மேற்பகுதிப் பூக்கள் முதலில் விரிய, நுனியில் அரும்புகள் பச்சை மணிகளாய்க் காத்திருந்தன. சென்ற ஆண்டின் கரிய நெற்றும் இவ்வாண்டின் பொற்சரமும் ஒரே கிளையில் அருகருகே தொங்கியது காணத்தக்க காட்சி. அண்டைக் கேரளத்தில் சித்திரை முதல் நாளில் விசுக்கணி காண்போர் இப்பூவையே வைக்கின்றனர். எனவே கொன்றை கோடைப் பூ என்று அம்மாணவி கூறியது முற்றிலும் சரி.

அங்ஙனமாயின் சங்கப் புலவர் பிழைபட்டனரா? தந்தையாரிடம் கேட்டோம். அவர் சற்றும் தயங்காமல், “பெரும்பூ கோடையிலேதான். அப்புறம் ஆவணி புரட்டாசியில் நல்ல மழை விழுந்தால் கிளைக்கு நாலு சரம் மறுபடியும் இறக்கும். ஒரு மரம் இறக்கும், பக்கத்து மரம் சும்மா நிற்கும். கொன்றைக்கு மழை என்றால் புத்தி தடுமாறிவிடும்” என்றார்.

அந்தக் கடைசித் தொடரைக் கேட்டபோது மெய் சிலிர்த்தது. குறுந்தொகையில் 66 ஆம் பாடல் கூறுவது இதுவே அன்றோ? கார்காலத்தில் திரும்புவேன் என்று சொல்லிச் சென்ற தலைவன் வரவில்லை, கொன்றை பூத்துவிட்டது, தலைவி கலங்குகின்றாள். தோழி அவளைத் தேற்றுகின்றாள். இது கார்காலம் அன்று. காலமல்லாத காலத்தில் பெய்த மழையைக் கார் என்று மயங்கி, அறிவில்லாத கொன்றை பூத்துவிட்டது என்கின்றாள். தலைவியை ஆற்றுவிக்கத் தோழி புனைந்து கூறுவது இது என்பர் உரைகாரர். புனைந்துரையே ஆகட்டும். கேட்பவள் நம்பவேண்டுமாயின், அது அவள் அறிந்த உண்மை ஒன்றின்மேல் நிற்றல் வேண்டும். மழைக்கு மயங்கிப் பருவம் தவறிப் பூக்கும் இயல்பு கொன்றைக்கு உண்டு என்பதை ஊரார் அனைவரும் அறிந்திருந்தாலன்றி அத்தேற்றுரை செல்லாது.

21 ஆம் பாடலையும் இதனோடு வைத்துப் பார்க்கலாம். கொன்றை பூத்த காடே இது கார்காலம் என்று கூறினும் நான் நம்பேன், அவர் பொய் சொல்லார் என்கின்றாள் அப்பாடலின் தலைவி. பூவின் சாட்சியத்தை அவள் தள்ளிவிடுகின்றாள். அதனைத் தள்ள இயல்வது ஏன்? கொன்றை ஒரு பருவத்துக்கு மட்டும் உரிய உறுதியான சாட்சி அன்று என்பதனால் என்று கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது. அப்பாடலைப் பாடியவரும் ஓதலாந்தையார் என்பது கருதத்தக்கது. இளவேனிலுக்குப் பத்து அடையாளப் பாடல்கள் பாடிய அவர், கொன்றையை அப்பத்தினுள் வைக்கவில்லை. நம்புவதா வேண்டாவா என்னும் ஐயத்துக்கு இடமான கார்ப்பாட்டில் வைத்தார். வேம்பும் புங்கும் ஐயத்துக்கு இடம் தாரா, கொன்றை தரும். எப்பூவை எங்கே வைப்பது என்பதை அவர் கண்டு தேர்ந்திருக்கின்றார்.

ஆகவே நாம் வகுப்பில் கூறிய விடை தவறு. மரபு என்பது காணாமல் சொல்லப்பட்டது அன்று. பல்லாண்டுகள் கண்டவர்கள் சுருக்கி வைத்தது மரபு. காண்பதை நிறுத்திவிட்டவர்க்கே அது வெற்றுச் சொல்லாகத் தெரிகிறது.

காணுதலும் எழுதுதலும்

கண்ட நிலத்தைக் கொண்டு பாடும் இப்பண்பு சங்க காலத்தோடு முடிந்துவிடவில்லை. 17 ஆம் நூற்றாண்டில் சீறாப்புராணத்தை இயற்றிய உமறுப்புலவர், அரபு நாட்டை வருணிக்கும் நாட்டுப்படலத்தில் மழையையும் வெள்ளத்தையும் வயலையும் நாற்று நடவையும் பாடினார். பாலைநிலமாகிய அரபகத்தில் இவை ஏது என்று கேட்டுக் குறை கூறுவோர் உண்டு. தாம் காணாத நாட்டின்மேல் கொண்ட அன்பைத் தாம் கண்ட நாட்டின் வளத்தைக் கொண்டு காட்டினார் புலவர் என்பதே எம் கருத்து. தம் மண்ணை உற்று நோக்கியவராக அவர் இல்லையெனில் அப்படலம் பிறந்திராது.

கண்டதை நாள்தோறும் எழுதிவைக்கும் வழக்கத்துக்கும் முன்னோடிகள் உளர். இங்கிலாந்தின் செல்போர்ன் என்னும் சிற்றூரில் வாழ்ந்த கில்பர்ட் வைட் 1751 முதல் தம் தோட்டத்தின் மாற்றங்களைக் குறித்துவைத்தார். 1789 ஆம் ஆண்டுத் தேதியிட்டு வெளிவந்த அவர்தம் நூல் இன்றும் படிக்கப்படுகிறது. நம் நாட்டில், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனாராகிய மா. கிருஷ்ணன், 1950 முதல் 1996 இல் மறையும்வரை கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் தொடர்ந்து இயற்கைக் குறிப்புகள் எழுதினார், தமிழிலும் எழுதினார். சங்கத் தாவரங்களை இனங்காண விழைவோர்க்குப் பி.எல். சாமியின் ‘சங்க இலக்கியத்தில் செடி கொடி விளக்கம்’ நல்ல கைவிளக்கு. ஆயின் கைவிளக்கை ஏந்தி வெளியே செல்லவேண்டியவர் நாமே.

மாணவச் செல்வங்களுக்கு ஒன்று சொல்வோம். பெரிய தோட்டம் வேண்டியதில்லை. உங்கள் தெருமுனையில் ஒரு வேம்போ புங்கோ இருக்கும். அதனை வாரம் ஒருமுறை, அதே நாளில், அதே வேளையில் பாருங்கள். தேதியிட்டு இரண்டு வரி எழுதுங்கள். இலை எப்போது உதிர்ந்தது, தளிர் என்ன நிறம், முதற்பூ எந்நாள், எப்பறவை வந்தது என்பன போதும். எழுதியதை வீட்டில் உள்ள முதியவர் ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். நீங்கள் காணாமல் விட்டது எது என்பதை அவர் கேள்வியிலிருந்து அறிவீர்கள். ஓராண்டு இவ்வாறு செய்தபின் இளவேனிற் பத்தைத் திறவுங்கள். உரையின் உதவி பாதியே தேவைப்படும்.

பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. உங்களுக்குத் தெரிந்தவை எங்களுக்குத் தெரியும் என்று எண்ணிவிடாதீர்கள். பட்டம் பெற்ற பிள்ளைக்குப் புங்கம்பூ தெரியாமல் இருக்கலாம். நாங்கள் கேட்க மறந்தாலும் நீங்கள் சொல்ல மறவாதீர்கள்.

முடிவுரை

கல்லூரி திறந்த முதல் வாரத்தில், முதுகலையில் சேர்ந்திருந்த அம்மாணவியை அழைத்து, புதிய மூன்றாமாண்டு மாணவர்முன் நிறுத்தி, அவர் கேட்ட வினாவை மீண்டும் கேட்கச் செய்தோம். முன்னர் நாம் கூறிய விடை தவறு என்பதையும், சரியான விடையை ஐந்தாம் வகுப்புவரை படித்த முதியவர் ஒருவரிடம் கற்றோம் என்பதையும் கூறினோம். துறை மேசைமேல் இப்போது ஒரு குறிப்பேடு இருக்கிறது. கல்லூரி வளாகத்து மரங்களின் மாற்றங்களை மாணவர்கள் அதில் எழுதி வருகின்றனர். முதல் வரியை எழுதியவர் அம்மாணவியே.

கொல்லையைக் குறித்த பேச்சு வீட்டில் மீண்டும் எழுந்தபோது, இவ்வாண்டு வேண்டா என்று நாம் கூறினோம். காரணம் கேட்ட தம்பியரிடம் எட்டு வாரக் குறிப்பேட்டைக் கொடுத்தோம். மூத்தவர் அதனைப் படித்துவிட்டு, கொன்றை பூக்கும்போது சொல்லுங்கள், பிள்ளைகளை அழைத்து வருகிறேன் என்றார். அதற்குமேல் இப்போதைக்கு ஒன்றும் முடிவாகவில்லை.

வைகாசியின் கடைசி வெள்ளியன்று, உதிர்வதற்கு முன் எஞ்சியிருந்த கொன்றைச் சரம் ஒன்றைக் கொய்து தந்தையாரிடம் கொண்டுவந்து கொடுத்தோம். அவர் அதனை மடியில் வைத்துக்கொண்டு, நுனி அரும்புகளை விரலால் எண்ணினார். பிறகு தலை நிமிர்ந்து, “சரி, ஆவணியில் மழை விழுந்ததும் அந்த மூலையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்” என்றார்.

இன்ஷா அல்லாஹ், பார்த்துச் சொல்வோம்.